புல்லட் சிலிண்டர்களில் கட்டிய 1000 சிசி வி-ட்வினை எந்த வண்டியில் பூட்டலாம்?

கேள்வி இதுதான்: பழைய வார்ப்பிரும்பு புல்லட் 500 இரண்டின் சிலிண்டரையும் ஹெட்டையும் எடுத்து, சொந்தமாக வார்த்த கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிக்கூட்டில்) 60 டிகிரி கோணத்தில் உட்காரவைத்து ஒரு வி-ட்வின் கட்டியாகிவிட்டது. ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று, நன்றாக ஓடுகிறது. கியர் பாக்ஸ் இன்னும் முடிவாகவில்லை. இதை மாருதி 800-ல் வைப்பதா, பழைய ஜீப்பிலா, ஆட்டோவிலா, அல்லது பைக்காகவே கட்டுவதா?

நான் கட்டினால் இந்த நான்கில் எதையும் எடுக்க மாட்டேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று ஒரு மூன்று சக்கர வண்டி கட்டுவேன். இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால், காற்றில் திறந்தபடி இருக்கும். பைக் என்பது என் இரண்டாவது தேர்வு. மற்ற மூன்றும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இப்படி வீட்டில் இன்ஜின் கட்டியவர்கள் எல்லோரும் முதலில் குதிரைத்திறனைத்தான் கணக்குப் போடுகிறார்கள். வண்டியைத் தீர்மானிப்பது அது அல்ல. இன்ஜினின் எந்த முனையிலிருந்து சுழற்சி வெளியே வருகிறது, எந்தத் திசையில் சுற்றுகிறது, அதைப் பிடித்துக்கொள்ளும் கிளட்சும் கியரும் எவ்வளவு எடையை இழுக்கச் செய்தவை, இன்ஜினுக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

சரி, எடைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். வார்ப்பிரும்பு 500 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் (போர்) 84 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ.; 22 பிஎச்பி (குதிரைத்திறன்), ஏறக்குறைய 35 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தரும். இரண்டு சேர்ந்தால் காகிதத்தில் 44 பிஎச்பி, 70 நியூட்டன் மீட்டர். ஓட்டுபவரோடு சேர்த்து 250 கிலோ வரும் சாதாரண புல்லட் 500-ல் ஒரு பிஎச்பிக்கு 11 கிலோ சொச்சம் விழுகிறது. மாருதி 800 வெறும் வண்டியே 650 கிலோ. இரண்டு பேர் ஏறினால் 800. உங்கள் இன்ஜினைப் போட்டால் ஒரு பிஎச்பிக்கு 18 கிலோ. அந்தக் காரின் சொந்த 37 பிஎச்பி இன்ஜினில் 21 அல்லது 22 கிலோ. இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். 400 கிலோவுக்குள் ஒரு மூன்று சக்கர வண்டி கட்டி இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பிஎச்பிக்கு 12.5 கிலோ. அதாவது புல்லட் 500 ஓட்டும்போது கிடைக்கும் அதே இழுவை, இரண்டு பேரோடு. ஜீப் ஒரு டன்னைத் தாண்டும், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

மாருதி 800-க்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. அதில் இன்ஜின் குறுக்காக உட்காரும். உங்கள் வி-ட்வினைக் குறுக்காக வைத்தால் ஒரு சிலிண்டர் முன்பக்கம் பார்க்கும், இன்னொன்று பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்றால் குளிரும் வார்ப்பிரும்புச் சிலிண்டரை மூடிய பானெட்டுக்குள், காற்றே படாத மூலையில் வைத்தால் பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றுவிட அதிக நேரம் ஆகாது. ஃபேனும் தகடும் வைத்துக் காற்றைத் திருப்பலாம்தான். ஆனால் அந்த வேலை இன்ஜின் கட்டிய வேலைக்குச் சமமாகிவிடும்.

ஆட்டோவைப் பொறுத்தவரை, அதன் கியரும் டிஃபரன்ஷியலும் 10 பிஎச்பி அளவுக்கு மேல் போகாத இன்ஜின்களுக்காகச் செய்தவை. 70 நியூட்டன் மீட்டரைத் தாங்காது. முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்த வண்டி, வளைவில் பிரேக் போட்டால் முன் மூலையை நோக்கிக் கவிழப் பார்க்கும் என்பதையும் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அமைப்பில் இவ்வளவு சக்தியைப் போடுவது ஆபத்து, விளையாட்டல்ல.

பைக்காகக் கட்டுவது நல்ல வழிதான், முன்னுதாரணங்களும் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அனிகேத் வர்தன் என்ற வடிவமைப்பாளர், புல்லட் சிலிண்டர்களை வைத்து மஸ்கெட் என்ற வி-ட்வினைக் கட்டினார். கிராங்க் கேஸ் வார்க்க வேண்டிய மர அச்சுகளைக்கூடத் தன் கையாலேயே செதுக்கினார். ஆஸ்திரேலியாவின் பால் கார்பெரி புல்லட் சிலிண்டர்களில் 1000 சிசி வி-ட்வின் செய்து, பிறகு சத்தீஸ்கரின் பிலாய்க்கு வந்து தொடர்ந்தார். இருவரும் பைக்கில்தான் பூட்டினார்கள். இரண்டும் பார்க்க அழகான வேலை.

ஆனால் பைக் என்றால் உங்களுக்கு கியர் பாக்ஸ்தான் சிக்கல். பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் இன்ஜினோடு போல்ட் போட்டு மாட்டிய தனிப் பெட்டி. அதன் நான்கு கியர்களும் கிளட்சும் ஒற்றைச் சிலிண்டருக்காக அளவெடுத்தவை. அதில் இரட்டிப்பு டார்க்கைக் கொடுத்தால் முதலில் கிளட்ச் வழுக்கும். பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் பலப்படுத்தினால் அடுத்து கியர் பல் பேசத் தொடங்கும். நெடுஞ்சாலையில் மிதமாக ஓட்டினால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வேறு பெரிய கியர் பாக்ஸ் தேடினால் ஃப்ரேமை நீட்ட வேண்டும், செயினை நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும், எடையும் ஏறும். அதோடு 60 டிகிரி வி-யில் பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் நிழலில் சூடாகவே ஓடும்.

பைக் இன்ஜினை நான்கு சக்கரத்தில் போட்டவர்களின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது கூப்பர். 1946-ல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்ல்ஸ் கூப்பரும் மகன் ஜானும் கையில் காசில்லாத போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு பந்தய வண்டி கட்டினார்கள். ஃபியட் டோப்போலினோ கார்கள் இரண்டின் முன்பாகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கிடைத்துவிட்டது. இன்ஜின் ஜேஏபி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் 500 சிசி ஒற்றைச் சிலிண்டர், பைக்குடையது. அது செயினில் ஓடும் இன்ஜின் என்பதால் பின் அச்சுக்குப் பக்கத்தில், ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதுதான் சுலபம். அப்படியே வைத்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் 1948-ல் அந்த மாதிரி வண்டியில்தான் பந்தயத்துக்கு வந்தார். 500 சிசி வகுப்பு 1950-ல் ஃபார்முலா 3 ஆனது. பின்னால் இன்ஜின் வைக்கும் அந்தப் பழக்கம் பெரிய கார்களுக்கும் போய், 1959-லும் 1960-லும் ஜாக் பிரபாம் கூப்பரில் உலகச் சாம்பியன் ஆனார். இன்ஜினின் வெளிவாய் (சுழற்சி வெளியே வரும் முனை) எங்கே இருந்ததோ, அதற்கேற்ப வண்டி அமைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

உங்களுக்குக் கூப்பர் முறை பொருந்துமா? இன்ஜினோடு ஒட்டிய கியர் பாக்ஸ் இருந்து, பக்கவாட்டில் ஸ்பிராக்கெட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைத்தான் சொல்வேன். ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் இன்ஜினை வைத்துக்கொண்டு யாராவது கேட்டால், இன்ஜினைப் பின்னால் வைத்த பக்கி, அதாவது குழாய்ச் சட்டத்தில் கட்டிய திறந்த சிறு வண்டிதான் என் பதில். உங்களுடையதில் கியர் பாக்ஸே இல்லை. அது குறை அல்ல, உங்களுக்குக் கிடைத்த சுதந்திரம். கார் கியர் பாக்ஸை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் மார்கன் வருகிறது. ஹெச்.எஃப்.எஸ். மார்கன் இங்கிலாந்தின் மால்வர்னில் 1909-ல் தொடங்கிய மூன்று சக்கர வண்டி, பைக் வி-ட்வினுக்கு அமைந்த ஆகச் சரியான இருப்பிடம் என்பது என் கருத்து. ஜேஏபி போன்ற வி-ட்வின்கள் வண்டியின் மூக்கில், முன் சக்கரங்களுக்கு நடுவே, கிராங்க் நீளவாக்கில் இருக்கும்படி உட்கார்ந்தன. அதனால் இரண்டு சிலிண்டரும் இடது வலதாக விரிந்து, இரண்டுக்கும் ஒரே அளவு காற்று கிடைத்தது. நடுவில் நீளமான குழாய்க்குள் ஷாஃப்ட், பின்னால் பெவல் பெட்டி (சுழற்சியை 90 டிகிரி திருப்பும் பற்சக்கரப் பெட்டி), அங்கிருந்து செயின். பின்னால் ஒரே சக்கரம் என்பதால் டிஃபரன்ஷியல் தேவையில்லை. ஆரம்பத்தில் இரண்டு செயின், இரண்டு வேகம், ரிவர்ஸ் கிடையாது. மூன்று வேகமும் ரிவர்ஸும் 1930-களில் வந்தன. 2011-ல் அதே நிறுவனம் இந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது எஸ் அண்ட் எஸ் நிறுவனத்தின் 1983 சிசி வி-ட்வினை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பாக்ஸோடு சேர்த்தது. பைக் வகை இன்ஜின், கார் கியர் பாக்ஸ், பின்னால் ஒற்றைச் சக்கரம். உங்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுவே.

சுழலும் திசையும் உங்கள் பக்கமே இருக்கிறது. புல்லட் கிராங்க், சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றும். வலது பக்கமான டைமிங் பக்கத்திலிருந்து (வால்வுகளை இயக்கும் பற்சக்கரங்கள் இருக்கும் பக்கம்) பார்த்தால் கடிகாரத் திசை. இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் பிரைமரி செயின் இடது பக்கம். உங்கள் கிராங்க் கேஸும் அதே ஏற்பாட்டில் இருந்தால், டைமிங் பக்கம் வண்டியின் முன்னால் வரும்படியும் பிரைமரி பக்கம் பின்னால் வரும்படியும் இன்ஜினைத் திருப்புங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசை, பின்முனையில் வெளிவாய்: சாதாரண கார் இன்ஜின் அப்படித்தான் இருக்கும். கேம் மாற்றி எதிர்த்திசையில் ஓடும்படி கட்டியிருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், கார் கியர் பாக்ஸில் ஒரு கியர் முன்னாலும் ஐந்து கியர் பின்னாலும் போகும். பாக்ஸ் வாங்கும் முன் திசையைச் சரிபாருங்கள்.

கியர் பாக்ஸுக்கு மாருதி ஜிப்ஸியின் ஐந்து வேகப் பெட்டியைப் பரிந்துரைப்பேன். அந்த 1.3 லிட்டர் இன்ஜினின் டார்க் 100 நியூட்டன் மீட்டர் அளவு, உங்களுடையது 70. ஆம்னியின் பெட்டியும் நீளவாக்கில்தான் இருக்கும், ஆனால் அது 796 சிசிக்காகச் செய்தது, 60 நியூட்டன் மீட்டர் அளவைத் தாண்டாதது. அது போதவே போதாது. ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டி என்பதால் கியர் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரிவர்ஸ் இலவசமாக வந்துவிடுகிறது. ஃபிளைவீலின் பல்வளையமும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடைப்பதால் 1000 சிசி இன்ஜினைக் காலால் உதைக்கும் பாடும் தீர்ந்தது. சென்னை புதுப்பேட்டையில் சுற்றினால் பெல் ஹவுசிங்கோடு (கிளட்சை மூடும் கூட்டோடு) கிடைக்கும். ஃபிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள்.

இனி வருவதுதான் இந்த முழுத் திட்டத்திலும் கடினமான இடம், இதில் அவசரப்படாதீர்கள். கார் ஃபிளைவீலையும் கிளட்சையும் நேரே கிராங்க் முனையில் மாட்டத் தோன்றும். வேண்டாம். முதல் காரணம், அந்த எடை முழுவதும் பேரிங்குக்கு வெளியே தொங்கும். புல்லட் கிராங்க் ஷாஃப்ட் அதற்குச் செய்ததல்ல. இரண்டாவது, கார் கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் கிராங்கை நீளவாக்கில் முன்னோக்கித் தள்ளும். பைக்கின் கிளட்ச் அப்படித் தள்ளுவதில்லை, அதனால் அந்தப் பேரிங்குகள் இந்தத் தள்ளலை நீண்ட நாள் தாங்காது. மூன்றாவது காரணம் துடிப்பு. ஒரே கிராங்க் பின்னில் 60 டிகிரி வி என்றால் ஒரு சிலிண்டர் வெடித்து 300 டிகிரியில் அடுத்தது, பிறகு 420 டிகிரி இடைவெளி. இந்தச் சமமில்லாத அடி கியர் பற்களில் நேராக விழுந்தால், சத்தம் முதலில் வரும், உடைவது பின்னால் வரும்.

மூன்றுக்கும் ஒரே தீர்வு உண்டு. ஒரு குட்டி இடை ஷாஃப்ட் செய்து, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பெட்டிக்குள் அதற்கென இரண்டு பேரிங் கொடுங்கள். அதில் ஒன்று நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். ஃபிளைவீலும் கிளட்சும் அந்த ஷாஃப்டில் உட்காரும். கிராங்குக்கும் அந்த ஷாஃப்டுக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங். பம்ப் செட்டுகளில் மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிறார்களே, அந்த வகைதான். ஆனால் பட்டியலில் போட்டிருக்கும் டார்க் உங்கள் 70-ஐப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும், ஏனென்றால் வி-ட்வினின் உச்ச அடி சராசரியைவிட மிகப் பெரியது. ஃபிளைவீல் கப்ளிங்குக்கு அப்பால் போய்விடுவதால் கிராங்கின் சொந்த ஃபிளைவீல்களை இலேசாக்காதீர்கள். ஐட்லிங் அவற்றை நம்பித்தான் இருக்கும். இடை ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் மையமும் 0.1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், கண் அளவு இங்கே செல்லாது.

பின்பக்கம் 90 டிகிரி திருப்பத்துக்கு ஏதாவது சிறிய பின் அச்சின் டிஃபரன்ஷியல் பெட்டியை எடுத்து, உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை அசையாமல் பூட்டி, ஒரு பக்க ஷாஃப்டை வெட்டி மூடி, மறுபக்கத்தில் ஸ்பிராக்கெட் போடலாம். அங்கிருந்து 530 அளவு பைக் செயின் பின் சக்கரத்துக்கு. சக்கரத்தின் ஸ்பிராக்கெட்டில் பைக் மாதிரியே கஷ் ரப்பர் (இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்) கட்டாயம்.

கியர் விகிதத்தைக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பின் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று. பெவலும் செயினும் சேர்ந்து 4 என்று வைத்தால் 3500 சுற்றில் 90 கி.மீ. கிட்டே வரும். ஆனால் முதல் கியரில் பின் சக்கரத்துக்குப் போகும் தள்ளல் 380 கிலோ அளவு. மூன்று சக்கர வண்டியில் பின் சக்கரத்தின் மேல் விழும் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான், 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் அந்த டயர் 145 கிலோவுக்கு மேல் பிடிக்காது. மிச்சமெல்லாம் ரப்பர் புகையாகப் போகும். அதனால் 4 வேண்டாம், 3.3 போதும். அப்போது அதே 3500 சுற்றில் 108 கி.மீ., இன்ஜினும் நிம்மதியாக ஓடும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5000 சுற்று என்றாலே பிஸ்டன் விநாடிக்கு 15 மீட்டர் சராசரி வேகத்தில் ஓடுகிறது. வீட்டில் கட்டிய அடிப்பாகத்தில் அதைத் தாண்ட வேண்டாம் என்பேன். இன்ஜினிலிருந்து இன்னும் நாலு பிஎச்பி பிழியும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் சாலையில் இறக்க அந்த ஒற்றைச் சக்கரத்தால் முடியாது.

எடைப் பங்கீட்டில் கறாராக இருங்கள். மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரங்களில் விழ வேண்டும். இன்ஜின் முன்னால் இருப்பதால் இது தானாகவே வரும், ஆனால் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் பின்னால் தள்ளிக் கெடுத்துவிடாதீர்கள். முன் சக்கரங்களின் இடைவெளி 1.3 மீட்டருக்குக் குறையக் கூடாது. இருக்கை எவ்வளவு தாழ்ந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முன்னால் மாருதி 800-ன் டிஸ்க் பிரேக், ஹப் எல்லாம் தாராளமாகப் போதும்.

எண்ணெய் விஷயத்தில் பைக் இன்ஜினைக் காரில் போடுபவர்கள் பலர் அடிபடுகிறார்கள். பைக் வளைவில் சாய்வதால் எண்ணெய் எப்போதும் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் இடம்) அடியை நோக்கியே தள்ளப்படுகிறது. மூன்று சக்கர வண்டி சாயாது. வேகமான வளைவில் எண்ணெய் ஒரு சுவரை நோக்கி ஏறிவிடும், பம்ப் காற்றைக் குடிக்கும், பேரிங் போய்விடும். பழைய புல்லட் முறையில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸிலேயே தனி அறையாக இருக்கும், பம்ப் திரும்ப இறைத்து நிரப்பும். உங்கள் கேஸும் அப்படி என்றால் அந்த அறையைக் கைவிட்டு, வெளியே உயரமான, ஒடுக்கமான 4 லிட்டர் தொட்டி வையுங்கள். 1000 சிசிக்கு எப்படியும் அந்த அளவு எண்ணெய் வேண்டும்; ஒரு சின்ன ஆயில் கூலரும் சேர்ந்தால் நம் வெயிலுக்குத் தாங்கும்.

அதிர்வைப் பற்றி ஒரு சொல். 90 டிகிரி வி என்றால் முதல்நிலை அதிர்வை கிராங்க் எடையாலேயே சமன் செய்துவிடலாம். 60-ல் அது முழுமையாக நடக்காது. அதனால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒரே கட்டாக விறைப்பாகச் சேர்த்து, அந்தக் கட்டை முழுதாக ரப்பர் மவுண்டில் உட்காரவையுங்கள். இன்ஜினை மட்டும் ரப்பரில் வைத்து கியர் பாக்ஸைச் சட்டத்தில் இறுக்கினால் அடாப்டர் பெட்டி விரிசல் விடும்.

கடைசியாகச் சட்டம். இந்தியாவில் இதைச் சாலையில் பதிவு செய்து ஓட்ட, தனி மனிதருக்கு எளிதான வழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புதிய வண்டி என்று காட்டினால் புனேயின் ஏஆர்ஏஐ, ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்ற சோதனை மையத்தில் முழு அங்கீகாரச் சோதனை. அது நிறுவனங்களுக்கான செலவு. புல்லட் ஃப்ரேமில் போட்டாலும் இன்ஜின் எண்ணும் சிசியும் மாறிவிடுவதால் பைக்கும் இதே வலையில்தான் விழுகிறது. ஆகவே பழைய ஆர்சி புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், அடிபட்டவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சொந்த நிலம், தோட்டத்துச் சாலை, அனுமதி வாங்கிக்கொண்டு பந்தயத் தளம் என்ற எல்லைக்குள் ஓட்டுவதாக நினைத்தே கட்டுங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சென்னை இருங்காட்டுக்கோட்டையிலும் தளம் வாடகைக்குக் கிடைக்கும் நாட்களையும் விதிகளையும் முன்கூட்டியே விசாரியுங்கள். ரோல் பார், தீயணைப்பான், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் மூன்றையும் வண்டியின் ஃப்ரேமை வெல்டு செய்யும்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஃப்ரேமுக்குக் குழாய் வாங்கும் முன் செய்ய வேண்டியது: இன்ஜினை எடை போடுங்கள், பிரைமரி பக்கக் கிராங்க் முனையின் விட்டம், டேப்பர் (கூம்பும் சரிவு), கீ அளவு, ரன்-அவுட் (சுழலும்போது ஆடும் அளவு) எவ்வளவு என்று அளந்து வையுங்கள். அந்த அளவுகளைச் சொன்னால் இடை ஷாஃப்டுக்கு என்ன எஃகு, எந்த பேரிங், கப்ளிங் எந்த அளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.